80களில் வந்த தமிழ்ப்படங்களில் சிறந்தது எது?

கேள்வி: "80களின் சிறந்த தமிழ்ப்படம் எது? நண்பர்களுக்குள் பெரிய சண்டையாகிவிட்டது. ஒருவன் கரகாட்டக்காரன் என்றான், எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தக் காலத்தில் தியேட்டரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்."

'எல்லோரும் சிரித்துவிட்டோம்' என்ற இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. அது இல்லாவிட்டால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன்.

நீங்கள் தொண்ணூறுகளில் பிறந்தவராக இருப்பீர்கள். இந்தப் படங்களையெல்லாம் டிவியிலும் போனிலும் பார்த்திருப்பீர்கள். தப்பில்லை. உங்கள் சண்டை எப்படிப் போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் எங்கள் குடும்ப வாட்ஸப்பில் மாதம் ஒருமுறை இது நடக்கிறது. முதலில் ஒருவர் நாயகன் என்பார். கமலுக்கும் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கும் கலை இயக்குநர் தோட்டா தரணிக்கும் தேசிய விருது வாங்கித் தந்த படம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்தவர் மூன்றாம் பிறை. ஒருவர் சிவாஜிக்காக முதல் மரியாதை. கொஞ்சம் விவரமானவர் பாலு மகேந்திராவின் வீடு என்று சொல்லிவிட்டு, 'பாட்டே கிடையாது தெரியுமா' என்று மற்றவர்களைப் பார்ப்பார். நடுவில் யாராவது உதிரிப்பூக்களை இழுத்துக்கொண்டு வருவார். அது 1979 என்று இன்னொருவர் சொல்வார். அப்புறம் அரை மணி நேரம் படத்தைப் பற்றிய பேச்சே இருக்காது, தேதியைப் பற்றித்தான் இருக்கும். கடைசியில் ஒரு ஆள், பாவம், மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவார். அவரைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

கரகாட்டக்காரன் மதுரையில் ஒரு வருடத்தைத் தாண்டி ஓடிய படம். எங்கள் ஊரில் அதற்குப் படப்பெட்டி தூக்கியவன் நான். இரண்டாம் ஆட்டத்துக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று சிரிக்கவும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஊர் தேனிப் பக்கம். அப்போது அதெல்லாம் மதுரை மாவட்டம். ஊரில் இரண்டு தியேட்டர், இரண்டுக்கும் ஒரே முதலாளி. படப்பெட்டி ஒன்றுதான் வரும். ஒரே பெட்டியை வைத்து இரண்டு தியேட்டரிலும் ஒரே நேரத்தில் படம் ஓட்டுவார்கள். இப்படியெல்லாம் நடக்காது என்று யாராவது கீழே வந்து சொல்வதற்கு முன் எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு ரீல், அதாவது ஒரு பிலிம் சுருள், 1000 அடி. வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் 11 நிமிடம் வரும். இரண்டு ரீலை ஒட்டி ஒரு ஸ்பூலில், அதாவது மெஷினில் மாட்டுகிற பெரிய சக்கரத்தில், ஏற்றுவார்கள். அப்படி ஆறு ஏழு ஸ்பூல் சேர்ந்தால் ஒரு படம். மேலத் தியேட்டரில் 6.30க்கு ஆட்டம், கீழத் தியேட்டரில் 7.15க்கு. மேலே ஒரு ஸ்பூல் முடிந்ததும் அடுத்த மெஷினில் அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும். முடிந்ததைக் கையால் திருப்பிச் சுற்றி, டப்பாவில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் மிதித்து, கீழே கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த வேலைதான் எனக்கு. 1986இல் சேரும்போது பதினைந்து வயது. ஒரு நாளைக்கு 5 ரூபாய். சைக்கிள் என் அப்பாவுடையது.

இதில் நான் எப்படிப் படம் பார்த்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்பூல் ஆரம்பிக்கும்போது பழையதைச் சுற்றிக்கொண்டிருப்பேன், வசனம் மட்டும் காதில் விழும். நடுவில் ரோட்டில் இருப்பேன். திரும்பி வந்தால் கடைசி நாலைந்து நிமிடம் கிடைக்கும், அதை ஆபரேட்டர் அண்ணனின் தோளுக்கு மேலே ஓட்டை வழியாகப் பார்ப்பேன். தொடக்கம் காதுக்கு, முடிவு கண்ணுக்கு, நடுப்பகுதி சைக்கிளுக்கு. எந்தப் படத்துக்கும் க்ளைமாக்ஸை இருபது தடவை பார்த்திருப்பேன். அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று மட்டும் தெரியாது.

என் மச்சான் இதைத்தான் குரூப்பில் சொல்லிக்காட்டுகிறார். 'மாமா எந்தப் படத்தையும் முழுசாப் பாத்ததில்ல, அவர் ஓட்டு செல்லாது.' சொல்லட்டும். அவர் 80களின் படங்களையெல்லாம் கேசட்டில் பார்த்தவர், அதுவும் பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார்.

தியேட்டர்காரர்களுக்கு ஒரு படம் நல்ல படமா என்று கண்டுபிடிக்க வேறு வழி இருந்தது. பாட்டு வரும்போது எத்தனை பேர் பீடி பிடிக்க எழுந்து வெளியே வருகிறார்கள் என்று பார்ப்போம். முறுக்குக் கடைக்காரர் 'இன்னைக்கு நல்ல வியாபாரம்' என்றால் படம் ஊற்றிக்கொண்டது என்று அர்த்தம். சிந்து பைரவிக்கு யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று ஆபரேட்டர் அண்ணன் சொல்வார், அது நான் சேருவதற்கு முன் வந்த படம். நான் பார்த்ததில் சம்சாரம் அது மின்சாரம். பெண்கள் கூட்டம் அப்படியே உட்கார்ந்திருக்கும், முறுக்குக் கடைக்காரர் படத்தை எடுத்த விசுவைத் திட்டிக்கொண்டே இருப்பார்.

ஊமை விழிகளையும் சொல்ல வேண்டும். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம், சினிமாஸ்கோப். ஸ்கோப் லென்ஸ் மேலத் தியேட்டரில்தான் இருந்தது. கீழே சாதா லென்ஸிலேயே ஓட்டினார்கள். ஸ்கோப் பிலிமில் படம் பக்கவாட்டில் நெருக்கித்தான் பதிந்திருக்கும், அதை விரிக்க அந்த லென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் ஊதுபத்தி மாதிரி தெரிவார்கள். விஜயகாந்த் அவ்வளவு ஒல்லியாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் படம் ஓடியது. பேய்ப்படத்தில் ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

என் பதில் மௌன ராகம். 'மணிரத்னம் ரசிகர், எதிர்பார்த்ததுதான்' என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்குத் தேசிய விருது கிடைத்ததெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் ஒரு மழை.

86இல் வந்த படம், எங்களுக்குப் பெட்டி வந்தபோது 87 ஐப்பசி. ஓட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகியிருந்தது, அன்று சாயங்காலத்திலிருந்தே மழை. இரண்டாவது ஸ்பூலைக் கொண்டுபோகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்ததும் விட்ட நேரத்தைப் பிடிக்க வேகமாக மிதித்தேன். பாலம் தாண்டி ஒரு பள்ளம், தண்ணீர் நிறைந்திருந்ததால் தெரியவில்லை. முன் சக்கரம் அதில் இறங்கி ரிம் எட்டுப் போல வளைந்துவிட்டது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் விழுந்தேன், பிலிமுக்கு ஒன்றுமில்லை. ஸ்பூலைக் கொடுத்துவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே வந்து சேர்ந்தால், மூன்றாவது தயாராக இருந்தது, நாலாவது முடியப்போகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போ என்றார் அண்ணன். அவற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

டப்பாவின் மேல் நம்பரைத் தாளில் மையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். மழையில் மை கரைந்துவிட்டது. பிலிமின் தொடக்கத்திலேயே நம்பர் இருக்குமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். பத்து ஊர் ஓடிவிட்டு எங்களிடம் வந்த பிரிண்ட் ஐயா, அந்தத் துண்டெல்லாம் எந்த ஊரிலேயோ அறுந்து போயிருந்தது. கீழ் ஆபரேட்டர் பெரியவர், கண் பார்வை கொஞ்சம் மட்டு. திரை வெள்ளையாகி ஜனம் விசில் அடிக்கிறது. "எதுடா மூணு?" என்றார். "மேல இருக்கறது" என்றேன்.

மேலே இருந்தது நாலு.

படம் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி ரேவதி. கட்டாயத்தில் மோகனுக்குக் கழுத்தை நீட்டுகிறார். அதற்கு முன் கார்த்திக்கைக் காதலித்தது பிளாஷ்பேக்கில் வரும். காபி கடையில் ரேவதியின் அப்பாவை 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று கூப்பிட்டுக் கலாட்டா செய்கிற காட்சி உங்களுக்கும் தெரிந்திருக்கும். கல்யாணம் செய்துகொள்ளப்போகிற நாளில் கார்த்திக்கைப் போலீஸ் சுட்டுவிடும்.

கீழத் தியேட்டரில் அன்று கார்த்திக் யார், எங்கிருந்து வந்தான் என்று புரிவதற்குள் செத்துப்போனான். ஜனம் அமைதியாக இருந்தது. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, ஏனென்றால் மேலே அந்த முடிவை ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது எத்தனையாவது ஸ்பூல் என்று எனக்குத் தெரியும். பெரியவரிடம் சொல்லலாம்தான். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தி மாற்றியிருப்பார், எனக்கு அடி விழுந்திருக்கும். பயந்தாங்கொள்ளி என்று எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

சைக்கிள் இல்லாததால் மீதி ஸ்பூலை எடுத்துவர மேனேஜர் தன் மொபெட்டில் வேறொரு பையனை அனுப்பிவிட்டார். எனக்கு வேலை இல்லை. ஈரச் சட்டையோடு தரை டிக்கெட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு ஸ்பூலை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தது அன்றுதான்.

அது மூன்றாவது ஸ்பூல். செத்துப்போன கார்த்திக் திரும்பி வந்தான்.

அந்தச் சத்தத்தை நான் எந்த ரஜினி படத்துக்கும் கேட்டதில்லை. ரஜினியின் மனிதனும் கமலின் நாயகனும் அதே 87 தீபாவளிக்கு ஒன்றாக வந்தவை, பின்னாளில் இரண்டுக்கும் பெட்டி தூக்கினேன், அப்போதும் கேட்டதில்லை. ஒருவர் துண்டை மேலே எறிந்தார். அவன் ஓடுகிறான், சிரிக்கிறான், 'மிஸ்டர் சந்திரமௌலி' என்று கத்துகிறான், தியேட்டர் முழுக்கக் கத்துகிறது. நகைச்சுவைக் காட்சி அது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் விட்டதும் வாசலில் நின்றேன், யாராவது காசைத் திருப்பிக் கேட்பார்களோ என்று. யாரும் கேட்கவில்லை. இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார்கள்.

"நல்லவேள, அந்தப் பையன் சாகலடி."

"பெறகு ஏன்க்கா கடைசி வரைக்கும் வரவே இல்ல?"

"எங்கிட்டாச்சும் வெளியூரு போயிருப்பான்."

என்னைப் பொறுத்தவரை 80களின் சிறந்த படம் அதுதான், அந்த வரிசையில். எடிட்டிங் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். படத்தைக் கெடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறான் என்பீர்கள். பெருமை இல்லை, நடந்ததைச் சொல்கிறேன். எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். கல்யாணமான பிறகு டிவியில் முதல்முறையாக முழுப் படத்தையும் ஒழுங்கான வரிசையில் பார்த்தேன். கார்த்திக் செத்த பிறகு நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடம் கழித்து என் மனைவி, "யாரத் தேடுறீங்க?" என்றாள்.

முதலாளிக்கு விஷயம் மறுநாளே போய்விட்டது. இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டார். அதை நான் ஒத்துக்கொள்கிறேன், தப்பு என்னுடையது. ஆனால் ரிம்? கேட் மூடியதற்கு நானா பொறுப்பு? இரண்டு தியேட்டருக்கு ஒரே பெட்டியை வைத்து வாடகையை மிச்சம் பிடித்தது நானா? மெஷினில் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சியைக்கூடக் கடைசித் துண்டு வரை எரிக்கச் சொன்ன மனிதர் அவர். அந்த மங்கல் வெளிச்சத்தில் எங்கள் ஊர் ஜனம் நாயகனைப் பாதி இருட்டில்தான் பார்த்தது. ரிம் மாற்ற 38 ரூபாய். "அடுத்த படத்துக்குத் தாரேன்" என்றார். அடுத்த படம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. 90இல் நான் வேலையை விட்டபோதும் கேட்டேன். என் அப்பா அந்தச் சைக்கிளை மூன்று மாதம் தள்ளிக்கொண்டே வேலைக்குப் போனார். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான்.

உங்கள் சண்டையில் ஜெயிக்க வேண்டுமானால் நாயகன் என்று சொல்லுங்கள், யாரும் எதிர்க்க மாட்டார்கள். கரகாட்டக்காரன் சொன்ன நண்பரிடம் மட்டும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

தியேட்டர் முதலாளியின் மகன் இந்தத் தளத்தில் பதில்கள் எழுதுகிறார் என்று கேள்விப்பட்டேன். படித்தால், 38 ரூபாய், தம்பி. வட்டி வேண்டாம்.