மை பரவாமல் கட்டடம் வரைய

ஷாங்காய் அடுக்குமாடிகளை மையில் வரையும்போது சன்னல் கோடுகள் ஊறிப் பரவுகின்றன, தாளை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றலாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பதப்படுத்தாத சுவான் தாள், அதாவது சீன மை ஓவியத்துக்கான மரபுத் தாள். மையை உடனே உறிஞ்சிவிடும். படிகாரமும் பசையும் பூசிய சுவானில் கோடு அப்படியே நிற்கும். ஆனால் மலைக்கும் மூடுபனிக்கும் வேண்டிய கசிவு அதில் கிடைக்காது. அதனால் பாதி பதப்படுத்தியதைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன், அத்தனை சன்னலும் தேவைதானா? சீன ஓவியர் வூ குவான்சோங் (1919–2010) வரைந்த, யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஜியாங்னான் பகுதி வீடுகளை உற்றுப் பாருங்கள். வெள்ளைச் சுவர் என்பது பெரும்பாலும் அவர் தொடாமல் விட்ட தாள். கூரைக்கு ஓரிரு கறுப்புத் தீற்றல். கதவும் சன்னலும் சின்னச் சின்னக் கறுப்புக் கட்டங்கள். அவ்வளவுதான், ஊரே எழுந்து நிற்கிறது! வெற்றிடத்தை இவ்வளவு துணிச்சலாக நம்பியவர்கள் குறைவு. 2008-இல் அவர் 113 படைப்புகளைச் சிங்கப்பூருக்குக் கொடையாகத் தந்தார். அந்தப் பக்கம் போனால் தேசியக் கலைக்கூடத்தை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், தூரிகையைத் துணியில் ஒற்றி, ஈரம் குறைந்த கெட்டி மையால் சட்டென்று கோடு போடுங்கள். இப்போதிருக்கும் தாளிலேயே பரவல் நன்றாகக் குறையும்.