மால்டா கப்பல் தளம், 1940–42: குண்டுவீச்சின் நடுவே பழுதுபார்ப்பு (கேள்வி பதில்)

கேள்வி: பிரிட்டனின் 'இல்லஸ்டிரியஸ்' விமானம் தாங்கிக் கப்பலை, மத்தியதரைக் கடலில் இருந்த அதன் கடற்படைத் தளமான மால்டாத் தீவிலேயே முழுமையாகச் சீராக்கி அனுப்பினார்கள் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: இல்லை. 1941 சனவரி 10 அன்று ஜெர்மானிய ஸ்டுகா விமானங்களின் குண்டுகளால் சுக்கான் செயலிழந்த நிலையில், இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் திசை திருப்பியபடி அக்கப்பல் அன்றிரவு மால்டாவின் தலைநகர் வாலெட்டாவின் பெருந்துறைமுகத்தை அடைந்தது. கப்பலை மீண்டும் போருக்குத் தகுதியாக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், அது தன் சொந்த இயந்திர விசையில் துறைமுகத்தை விட்டு வெளியேறினால் போதும் என்பதே தளத்தினரின் இலக்காக இருந்தது. சிதைந்த ஓடுதளத்தை அப்படியே விட்டுவிட்டு, மிதப்புக்கும் ஓட்டத்துக்கும் சுக்கானுக்கும் தேவையானதை மட்டும் செய்தார்கள். 16, 19 ஆகிய நாள்களில் மீண்டும் கடுமையாகத் தாக்கப்பட்ட பின்னும், 23 ஆம் தேதி மாலையில் அது அலெக்சாண்டிரியாவை நோக்கிப் புறப்பட்டது. முழுச் சீரமைப்பு அமெரிக்காவின் நார்ஃபோக்கில் நடந்தது. எதைச் செய்யாமல் விடலாம் என்று தீர்மானிக்கத் தெரிந்ததையே அத்தளத்தின் மிகப் பெரிய திறமையாக நான் மதிக்கிறேன்.

கேள்வி: கப்பலின் மேல் படாமல் தண்ணீரில் விழுந்த குண்டு என்ன சேதம் செய்துவிடும்?

பதில்: நீருக்குள் வெடிக்கும் குண்டின் அதிர்ச்சி உடற்பகுதித் தகடுகளை நெளித்து, ஆணியடித்த மூட்டுகளைத் தளர்த்தி, வார்ப்பிரும்பு உறுப்புகளை உடைத்துவிடும். 19 ஆம் தேதி இல்லஸ்டிரியசுக்கு நேர்ந்ததும் இதுவே.

கேள்வி: அப்படியானால் உலர்துறைக்குள் இருக்கும் கப்பல் பாதுகாப்பானதுதானே?

பதில்: அதைவிட ஆபத்தான இடம் குறைவு. நீர் வடிக்கப்பட்ட துறையில் கட்டைகளின் மேல் நிற்கும் கப்பலால் நகர முடியாது. தீயணைக்கக் கடல்நீரை உறிஞ்சவும் இயலாது. துறையின் கதவு உடைந்தாலோ, பாயும் வெள்ளம் கப்பலைக் கவிழ்த்துவிடக்கூடும். 1942 ஏப்ரலில் 'லான்ஸ்', 'கிங்ஸ்டன்' என்னும் இரு நாசகாரிக் கப்பல்கள் உலர்துறையிலேயே அழிந்தன. அதே நாள்களில் துறைக்குள் கிடந்த 'பெனலபி' என்ற குரூசர் வகைப் போர்க்கப்பல், சிதறிய துண்டுகளால் சல்லடையாகியும், மாலுமிகள் ஒருபுறம் பீரங்கிகளை இயக்க, மறுபுறம் துளைகளில் மரமுளைகளை அடித்து அடைக்க, ஏப்ரல் 8 இரவில் தப்பி ஜிப்ரால்டரை அடைந்தது.

கேள்வி: அபாயச் சங்கு ஊதும்போதெல்லாம் வேலையை நிறுத்தினார்களா?

பதில்: ஒவ்வொரு சங்குக்கும் ஓடினால் வேலை நடக்காது, ஓடாவிட்டால் ஆள் மிஞ்சமாட்டார் என்ற இக்கட்டு எல்லாத் தொழிலிடங்களிலும் இருந்தது. பிரிட்டனின் தொழிற்சாலைகள் 1940 இல் கூரைமேல் கண்காணிப்பாளரை நிறுத்தி, விமானம் உண்மையிலேயே நெருங்கியபோது மட்டும் தொழிலாளரைப் பதுங்கிடங்களுக்கு அனுப்பின. மால்டாவுக்கு வேறொரு வாய்ப்பும் இருந்தது: அதன் சுண்ணாம்புப் பாறை குடைய எளிதானது என்பதால், பதுங்கிடங்களோடு பட்டறைகளையும் பாறைக்குள் கொண்டுபோனார்கள். ஆனால் கப்பலின் தகட்டை வெட்டுபவரும் ஒட்டுபவரும் திறந்தவெளியில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: தொழிலாளரின் குடும்பங்கள் எங்கே இருந்தன?

பதில்: தளத்தை ஒட்டிய செங்லியா, விட்டோரியோசா, கோஸ்பிகுவா ஆகிய மூன்று ஊர்களில்தான் பலரும் வாழ்ந்தனர், தளத்தைத் தவறிய குண்டுகள் அவர்கள் வீடுகளின்மேல் விழுந்தன. 1941 சனவரியில் பல குடும்பங்கள் தீவின் உட்பகுதிக்கு இடம்பெயர்ந்தன. 1942 இல் ரொட்டியும் பங்கீட்டுக்கு வந்துவிட்டது. போதிய உணவில்லாத உடலோடு கனத்த தகடுகளைத் தூக்கிய அந்த மால்டா மக்களைப் பற்றி, கப்பல்களைப் பற்றி எழுதும் அளவுக்கு நாம் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கேள்வி: திருகோணமலையிலும் 1942 ஏப்ரலில் குண்டு விழுந்ததே. அங்கே கப்பல்கள் என்ன செய்தன?

பதில்: ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அங்கிருந்த கடற்படைத் தளத்தைத் தாக்கின. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்ததால், ஓடக்கூடிய கப்பல்கள் முந்தைய இரவே கடலுக்கு அனுப்பப்பட்டன. ஆயினும் 'ஹெர்மிஸ்' விமானம் தாங்கிக் கப்பலும் 'வாம்பயர்' நாசகாரியும் அதே 9 ஆம் தேதி மட்டக்களப்புக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டன. ஹெர்மிசிடம் அன்று சொந்த விமானங்கள் இல்லை. கரையிலிருந்து வர வேண்டிய போர்விமானங்களும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை.