அர்ஜென்டினா பெசோ வாங்கி வைக்கலாமா? மொண்டெவிடியோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

உருகுவே தலைநகர் மொண்டெவிடியோவில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு காலத்தில் 1 அர்ஜென்டினா பெசோவுக்கு 14 உருகுவே பெசோ கிடைத்ததாம். இப்போது 1 உருகுவே பெசோ கொடுத்தால் 30-க்கும் மேல் அர்ஜென்டினா பெசோ கிடைக்கிறது. சம்பளத்தில் கொஞ்சத்தை அதில் மாற்றி வைத்தால் பின்னால் ஏறாதா? வார இறுதியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் போய்ச் சாமான் வாங்கினால் மிச்சமாகுமா?"

தம்பி, வாங்கி வைக்காதீர்கள். இந்த ஊரில் குடும்பமாக நிலைத்துவிட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 14 எப்படி வந்தது என்று பாருங்கள். 1991-இல் அர்ஜென்டினா ஒரு சட்டம் போட்டது. பொருளாதார அமைச்சர் தொமிங்கோ கவாலோவின் திட்டம் அது. அடுத்த ஆண்டு வந்த புதிய பெசோ, சட்டப்படியே ஒரு டாலருக்குச் சமம். பத்து ஆண்டு அப்படியே ஓடியது. அதே காலத்தில் உருகுவே பெசோ டாலருக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 2001 கடைசியில் ஒரு டாலருக்குப் பதினைந்தை நெருங்கியது. அதனால்தான் ஒரு அர்ஜென்டினா பெசோவுக்கும் அதே விலை. சந்தை தந்த விலை அது இல்லை, சட்டம் முட்டுக் கொடுத்து நிறுத்திய விலை.

2001 டிசம்பரில் அர்ஜென்டினாவில் மக்கள் தங்கள் பணத்தை வங்கியிலிருந்து எடுக்க முடியாதபடி அரசு கட்டுப்பாடு போட்டது. அடுத்த மாதமே அந்தச் சட்டமும் போனது. சில மாதங்களில் ஒரு டாலர் மூன்றரைப் பெசோவைத் தாண்டியது. இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, உருகுவேயும் சேர்ந்து விழுந்த கதை. அர்ஜென்டினாக்காரர்கள் பலர் தங்கள் சேமிப்பை உருகுவே வங்கிகளில் டாலராக வைத்திருந்தார்கள். சொந்த ஊரில் பணம் முடங்கியதும் இங்கே வந்து எடுக்கத் தொடங்கினார்கள். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் வரிசையில் நின்றார்கள். 2002 ஜூனில் உருகுவே தன் பெசோவை மிதக்கவிட்டது, அதாவது அதன் விலையைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிட்டது. ஜூலை 30 அன்று வங்கிகளையே மூடினார்கள். ஆண்டு முடிவில் டாலர் 27 பெசோ. அந்த ஆண்டைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது கேளுங்கள், அவர் முகமே மாறிவிடும். வீடு, கார் எல்லாம் இங்கே இன்றும் டாலரில் பேசப்படுகின்றன. சேமிப்பையும் பலர் டாலராகவே வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு இரண்டு பெசோவும் தனித்தனி வழியில் போயின. 2003-இல் ஒரு அர்ஜென்டினா பெசோவுக்குச் சுமார் 9 உருகுவே பெசோ, 2010-இல் 5, 2015 கடைசியில் 2 சொச்சம். 2018 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று என்று வந்து, அதற்கும் கீழே இறங்கியது. 2023 டிசம்பரில் அர்ஜென்டினாவின் புதிய அதிபர் மிலேயின் அரசு பதவிக்கு வந்த சில நாளில் அதிகாரபூர்வ டாலர் விலையை 366-இலிருந்து 800-க்கு ஏற்றியது. ஒரே இரவில் பெசோவின் மதிப்பு பாதிக்கும் கீழே. அந்த ஆண்டு அங்கே விலைவாசி ஏற்றம் 200 சதவீதத்துக்கும் மேல், இங்கே 5 சதவீதத்தை ஒட்டி. இப்படி இருக்கும்போது பழைய விலை திரும்பி வர வழியே கிடையாது.

சரி, சாமான் விஷயம். பெசோ விழுவது வேறு, ஊர் மலிவாவது வேறு. 2023-இல் அர்ஜென்டினாவில் அரசு சொன்ன டாலர் விலை ஒன்று, தெருவில் கிடைத்த 'புளூ' என்னும் கள்ளச்சந்தை விலை அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. சால்தோ, பைசாந்து, ஃப்ரே பெந்தோஸ் என்ற உருகுவே எல்லையூர்களின் மக்கள் பாலத்தைக் கடந்து அர்ஜென்டினா போய் எண்ணெய், டயப்பர், சோப்பு என்று வண்டி நிறைய வாங்கி வந்தார்கள். எல்லையோர உருகுவேக் கடைகள் ஈயோட்டின. 2024-இல் பெசோ மெதுவாகத்தான் இறங்கியது, விலைகளோ அதைவிட வேகமாக ஏறின. டாலர் கணக்கில் புவெனஸ் அயர்ஸ் விலை கூடிய ஊராகிவிட்டது. அப்புறம் அர்ஜென்டினாக்காரர்கள்தான் துணிமணி வாங்கச் சிலிக்குப் போனார்கள். ஆகவே போவதற்கு முன் மாற்று விலையை மட்டும் பார்க்காதீர்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் நாலு பொருளின் அங்கத்திய விலையை அங்குள்ள கடைகளின் இணையதளத்தில் பார்த்து உருகுவே பெசோவுக்கு மாற்றிப் பாருங்கள். கப்பல் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

18 தே ஹூலியோ சாலையில் வரிசையாகக் 'காம்பியோ' என்னும் பணம் மாற்றும் கடைகள் இருக்கும். பலகையில் டாலருக்கு அடுத்த வரி பெரும்பாலும் அர்ஜென்டினா பெசோதான். டாலரில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி சிறியது. அர்ஜென்டினா பெசோ வரியில் அவர்கள் விற்பது ஒரு விலை, உங்களிடம் திரும்ப வாங்குவது அதில் ஒரு சின்னப் பங்கு. நீங்கள் அதைச் சேர்த்து வைத்தால், மாற்றிய அன்றே பெரும்பகுதி போய்விடும்.

சேமிப்பதானால் டாலரோ, இங்கத்திய விலைவாசியோடு கூடவே ஏறும் 'உனிதாத் இன்தெக்சாதா' கணக்கோ பாருங்கள். புவெனஸ் அயர்ஸ் போனால் கார்டையும் கொஞ்சம் டாலர் நோட்டையும் கொண்டுபோங்கள். தேவைக்கு மட்டும் அங்கே மாற்றிக்கொண்டு, மிஞ்சியதைக் கப்பல் ஏறுமுன் செலவழித்துவிடுங்கள்.