காலி மனையில் தண்ணீர், வீட்டில் செப்டிக் டேங்க்: பொது சுகாதாரச் சட்டம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

கடலூர்ப் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழைக்குப் பிறகு நீங்கள் கேட்டவற்றுக்கு, அந்த வேலையில் கற்றதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்: பக்கத்துக் காலி மனையில் முழங்கால் அளவு தண்ணீர். மனைக்காரர் சென்னையில். போன் எடுப்பதே இல்லை.

அவர் போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை அம்மா. 1939-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் முதலில் வந்தது இங்கேதான். கொசு ஒழிப்புக்கென்றே அதில் தனி அத்தியாயம் உண்டு. சுகாதார அலுவலர் உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அவர் அசையாவிட்டால் உள்ளாட்சியே வேலையைச் செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

மாநகராட்சியில் மனுவாக எழுதிக் கொடுங்கள். புல எண், தெரு, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது, ஒரு போட்டோ. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். வாயால் சொன்ன புகார், கேட்டவர் மாற்றலாகிப் போனதும் போய்விடும். இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கொசுப்புழு பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குள் விட்டுத்தான் ஆக வேண்டுமா?

ஆமாம், சட்டம் அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. உங்கள் தண்ணீர் டிரம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி, இவைதான் அதற்கு வேண்டும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

நெல்லிக்குப்பம்: செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வர நாளாகுமாம். ஆள் வைத்து இறக்கி எடுத்தால் தப்பா?

தப்பு. குற்றமும்கூட. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இது 2013-ஆம் ஆண்டின் மத்திய சட்டம். செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்க யாரையும் கூலிக்கு அமர்த்தக் கூடாது. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "அவரேதான் ஒத்துக்கொண்டு வந்தார்" என்பது பதிலாகாது. சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது.

உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். இறங்கியவர் "வாடை இல்லை" என்று நினைக்கும்போதே மயங்கிச் சாய்வார். தூக்கப் போன அண்ணனோ மச்சானோ அதே குழியில் விழுவார். ஒரே வீட்டில் இரண்டு மூன்று சாவு இப்படித்தான் நடக்கிறது. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள், உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். லாரிக்கு நான்கு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

பாகூர்: எங்களுக்கும் இதே சட்டமா?

தமிழ்நாட்டுப் பொது சுகாதாரச் சட்டம் உங்கள் எல்லைக்குள் செல்லாது தம்பி, நீங்கள் புதுச்சேரி. காலி மனை விஷயமென்றால் கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். செப்டிக் டேங்க் பற்றிச் சொன்னது மத்திய சட்டம், அது இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

முதுநகர்: பள்ளிக்கூட வாசலிலேயே பீடி, சிகரெட் விற்கிறார்கள்.

பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எங்கேயுமே விற்கக் கூடாது. தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு மனு போனால் வேகமாக நகரும். பெற்றோர் நாலு பேர் சேர்ந்து அவரிடம் நாளைக்கே பேசுங்கள்.