பழைய வாஷிங் மெஷினில் டப் சீல் கசிவு: சீலை மாற்றும் முன் தண்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் சுமார் 40 வருடப் பழைய வாஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது. மேலே திறந்து துணி போடும் வகை. நடுவில் துடுப்பு வைத்த தூண் அசைந்து துவைக்கும். அப்பா ஆசையாக வாங்கியது. மூன்று வருடம் ஓட்டாமல் வைத்திருந்து போன மாதம் மறுபடி ஓட்டினோம். நன்றாகத் துவைக்கிறது, ஆனால் அடியில் நடுப்பகுதியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. துணி பிழியும்போது இன்னும் அதிகம். பார்க்க வந்த மெக்கானிக், "டப் சீல் போயிடுச்சு, இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். உள்ளே சிலிகான் பசை பூசி அடைக்கலாமா? இல்லை, நானே சீலை மாற்ற முடியுமா?

பதில்: நீங்களே மாற்றலாம். ஒரு விடுமுறை நாளை முழுதாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பசை மட்டும் வேண்டாம்.

டப் என்பது தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டி. அதன் அடியில் நடுவில் ஓர் ஓட்டை இருக்கும். கீழே இருக்கும் மோட்டாரின் சுழற்சி அந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு தண்டு மூலம் மேலே வருகிறது. தொட்டி அசையாது, தண்டு சுழலும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சீல். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் பிழியும் மெஷினில், 5 நிமிடத்துக்குள் தண்டு 3,000 முறை சுழன்றுவிடும். அங்கே பூசிய பசை முதல் துவைப்பிலேயே பிய்ந்துவிடும். பிய்ந்த துணுக்குகள் பம்பில் போய்ச் சிக்கும். அதைவிடப் பெரிய கெடுதல், பின்னால் யாராவது சரியாகப் பழுது பார்க்க வந்தால், சீல் உட்காரும் இடத்திலிருந்து அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

சரி, கசிவது சீல்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். "பிழியும்போது அதிகம்" என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தருகிறது. பல பழைய மெஷின்களில் பிழியும் நேரத்தில்தான் பம்பும் ஓடும். பம்பிலோ வெளியேற்றும் குழாயிலோ வெடிப்பு இருந்தால் அப்போதுதான் தண்ணீர் கொட்டும், அது சட்டத்தின் வழியாக ஓடி நடுப்பகுதிக்கு வந்து சொட்டவும் செய்யும். அதனால் இப்படிச் செய்து பாருங்கள். டப்பில் தண்ணீர் நிரப்பி, மெஷினை ஓட்டாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். கீழே உலர்ந்த காகிதம் விரித்துவையுங்கள். ஓட்டாமலே நடுவில் நனைந்தால் சீல் அல்லது டப்பின் அடியில் துரு ஓட்டை. நனையவில்லை என்றால் துணி இல்லாமல் ஐந்து நிமிடம் துவைக்க விட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்துத் தண்டைச் சுற்றிப் பாருங்கள். அங்கே ஈரம் புதிதாக இறங்கியிருந்தால் சீல்தான். தண்ணீரை வெளியேற்றும்போது மட்டும் நனைந்தால் பம்பையும் குழாயையும் பாருங்கள், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடலாம். மூடியைக் கழற்றிய நிலையில் ஓடும் மெஷினுக்கு அடியில் கையையோ முகத்தையோ கொண்டுபோகாதீர்கள். ஈரம், மின்சாரம், பெல்ட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சீல்தான் என்று உறுதியானால், கீழே ஒரு தட்டை வைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். சீலுக்கு நேர் கீழே பேரிங் இருக்கிறது, சில பழைய மாடல்களில் அதற்குப் பதிலாக வெண்கல புஷ், அதாவது தண்டு உள்ளே சுழலும் வெண்கலக் குழல், இருக்கும். சோப்புத் தண்ணீர் அதற்குள் இறங்கினால் கிரீஸைக் கழுவிவிடும், அப்புறம் துரு. சீல் மலிவான பொருள். பேரிங்கும் தண்டும் கெட்டுவிட்டால்தான் பழைய மெஷின் உண்மையில் சாகும். டப்பின் உள்ளே இருக்கும் கூடையை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தொங்கும் ஸ்பிரிங்கின் ஆட்டம் வேறு, அது டப்போடு சேர்ந்து ஆடும். டப் நிற்க, கூடை மட்டும் லொடலொடவென்று ஆடினாலோ, கையால் சுற்றும்போது கரகரவென்று ஓசை வந்தாலோ, பேரிங்கையும் இதே கையோடு மாற்ற வேண்டும்.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மெஷின்களில் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை இருக்கும். சீல் தளர்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே வைத்த வழி அது. தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அடைக்காதீர்கள். அந்தத் துளைதான் உங்கள் பேரிங்கை இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறது.

கழற்றும் வேலையில் அவசரம்தான் எதிரி. துவைக்கும் தூணைப் பிடித்திருக்கும் போல்ட் அல்லது மூடி மேலே இருக்கும். அதைக் கழற்றிய பிறகும் தூண் வராது, வருடக்கணக்கான சோப்புப் படிவு அதைத் தண்டோடு ஒட்டவைத்திருக்கும். டப்பில் தூணின் பாவாடை (அடியில் விரிந்திருக்கும் பகுதி) மூழ்கும் அளவுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிளாஸ்டிக் கொஞ்சம் இளகும், படிவு கரையும். அப்புறம் பாவாடைக்கு அடியில் அகலமான பட்டையைக் கொடுத்து நேர் மேலே இழுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். தூண் உடையும், அல்லது டப்பின் எனாமல் பூச்சு தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு ஆரம்பிக்கும்.

கூடையைப் பிடித்திருக்கும் பெரிய நட்டில்தான் பலர் தவறுகிறார்கள். சில மாடல்களில் அது இடது மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வெளியே தெரியும் மரையை விளக்கு வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு ஸ்பேனரைப் போடுங்கள். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பெல்ட்டில் எண்ணெய் சொட்டாமல் கீழே துணி சுற்றிவையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுங்கள். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்காமல் எடுங்கள், பொருத்தும்போது அந்த ஒரு படம் போதும்.

பழைய சீலை நெம்பி எடுத்ததும் எல்லோரும் சீலைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். நீங்கள் தண்டைப் பாருங்கள். சீலின் உதடு, அதாவது தண்டைத் தொடும் ரப்பர் விளிம்பு, உரசிய இடத்தில் தண்டைச் சுற்றி பளபளவென்று ஒரு கோடு தெரியும். அதன் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று கேட்கலாம். தேய்ப்பது ரப்பர் இல்லை, அதில் பதிந்த மணலும் சுண்ணாம்புப் படிவும். நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட நாட்களில் ஒரே மெஷினுக்கு மூன்று தடவை புது சீல் போட்டேன். மூன்றும் சில வாரங்களில் கசிந்தன. சீல் தரமில்லை என்றே நினைத்தேன். நான்காவது முறை நகத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பள்ளத்தின் மேல் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் நிற்காது.

பள்ளம் இல்லாமல் வெறும் கறையும் லேசான துருவும் இருந்தால், 600 நம்பர் உப்புத்தாளை நனைத்து, தண்டைச் சுற்றி வட்டமாகத் தேய்த்து எடுத்துவிடலாம். மேலும் கீழுமாகத் தேய்க்கவே கூடாது. நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கீறலும் தண்ணீர் இறங்க ஒரு வாய்க்கால். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் இரண்டு வழி. சீல் உட்காரும் குழியில் இடமிருந்தால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ தள்ளிப் பொருத்துங்கள், உதடு தேயாத இடத்தில் உட்காரும். இடமில்லை என்றால், தேய்ந்த தண்டின் மேல் ஏற்றுவதற்கென்றே மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறைகள் வருகின்றன. சுவரின் தடிமன் கால் மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் பழைய அளவு சீலே பெரும்பாலும் பொருந்திவிடும். பேரிங் விற்கும் கடைகளில் கேட்கலாம்.

பாகம் கிடைக்காது என்று மெக்கானிக் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் மாடலின் பெயரைச் சொல்லித் தேடினால் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பல மெஷின்களில் இருப்பது சாதாரண ஆயில் சீல், அதாவது தண்டைக் கவ்வும் ரப்பர் உதடு வைத்த வளையம். அதற்கு மெஷின் பெயர் தேவையில்லை, மூன்று அளவு போதும்: தண்டின் விட்டம், குழியின் விட்டம், சீலின் தடிமன். பழைய சீலின் முகத்திலேயே 25 × 47 × 10 என்பதுபோல அச்சடித்திருக்கும். அழிந்துபோயிருந்தால் வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். தண்டையும் குழியையும் அளக்க வேண்டும். தேய்ந்த உதட்டை அளந்தால் தப்பான எண்தான் வரும். தண்டு 25.4 என்று காட்டினால் அது ஓர் அங்குலத் தண்டு. "25 போட்டால் என்ன, கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்குல அளவிலும் ஆயில் சீல்கள் வருகின்றன.

வாங்கும்போது உதட்டைச் சுற்றியிருக்கும் சுருள் கம்பி துருப்பிடிக்காத எஃகா என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெயில் மட்டும் ஓடுவதற்காகச் செய்த சீலில் சாதாரணக் கம்பி இருக்கும், சோப்புத் தண்ணீரில் அது துருப்பிடித்து அறுந்துவிடும். கறுப்பு நைட்ரைல் ரப்பர் இந்த வேலைக்குப் போதும். பேரிங்கும் வாங்குவதாக இருந்தால், அதன் மேல் இருக்கும் எண்ணைக் காட்டினால் போதும். உதாரணமாக 6205 என்றால் எந்தக் கம்பெனி செய்தாலும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர்தான். இரு பக்கமும் ரப்பர் மூடி போட்ட 2ஆர்எஸ் வகையை வாங்குங்கள். இரும்பு மூடி போட்ட இசட்இசட் வகை தண்ணீரைத் தடுக்காது.

உங்கள் மெஷினில் இருப்பது ஆயில் சீலாக இல்லாமலும் போகலாம். கழற்றியதும் கறுப்பான கரி வளையம் ஒன்று, ஸ்பிரிங் அழுத்தத்தில் வழவழப்பான இன்னொரு வளையத்தின் மேல் முகத்தோடு முகம் உட்கார்ந்திருந்தால், அது வேறு வகை. இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஆயில் சீலுக்கு உதட்டில் கிரீஸ் கட்டாயம் வேண்டும். இதற்கு நேர்மாறாக, கரி முகத்தில் கிரீஸும் விரல் ரேகையும்கூடப் படக்கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். அதன் ரப்பர் உறையை உள்ளே தள்ள வழுக்கல் வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள், எண்ணெய் வேண்டாம். இந்த வகை உறைகள் மாடலுக்கு ஏற்ப வார்த்தவை, பொதுவான அளவில் கிடைப்பது கடினம். பழைய இருப்பில் கிடைத்தால், வாங்கும் முன் ரப்பரை மடக்கிப் பாருங்கள். பெட்டியிலேயே இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும், மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் வேண்டாம்.

பொருத்தும் முன் குழியைப் பித்தளைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். துரு அரித்துக் குழிகுழியாக இருந்தால், உலோகப் பூச்சுக்கான எபாக்ஸியை நிரப்பி, காய்ந்தபின் சமமாகத் தேய்த்துவிடுங்கள். இந்த இடம் அசையாது என்பதால் இங்கே பூச்சு நிற்கும். ஆயில் சீலில் சுருள் கம்பி தெரியும் பக்கம் தண்ணீரைப் பார்த்து இருக்க வேண்டும். கீழே கியர் எண்ணெயைத் தடுக்க இரண்டாவது சீல் இருந்தால், அது எண்ணெயைப் பார்த்து இருக்கும், உங்கள் படத்தை ஒருமுறை பாருங்கள். உதட்டுக்குள் தண்ணீரில் கரையாத கிரீஸைத் தாராளமாக வையுங்கள். சீலின் வெளிவட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டை வைத்து, அதன் மேல் மரக்கட்டை வைத்து, நான்கு பக்கமும் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிப்பது நல்லது. தண்டின் முனையில் பற்கள் இருந்தால் அதன் மேல் வழுவழுப்பான டேப்பைச் சுற்றி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கிவிட்டு டேப்பை உருவிவிடுங்கள். புது சீல்கள் பல, முதல் துவைப்புக்கு முன்பே இந்தப் பற்களில் கிழிந்துபோகின்றன.

உங்கள் சீல் ஏன் போனது என்பதற்கும் காரணம் தெரிகிறது. மூன்று வருடம் நின்ற மெஷினில் உதடு காய்ந்து தண்டோடு ஒட்டியிருக்கும், முதல் சுழற்சியில் கிழிந்திருக்கும். இனி மெஷினை நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருந்தால், மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே நின்றுபோயிருந்தால், ஓட்டும் முன் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, கையால் கூடையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு உடனே துணி போட வேண்டாம். காகிதம் விரித்து, தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் சும்மா விடுங்கள். பிறகு துணியில்லாமல் துவைத்தல், அடுத்து பிழிதல், கடைசியாகச் சுடுதண்ணீர். முதல் ஓட்டத்தில் காகிதத்தில் சில சொட்டு விழுந்தால் பயப்படாதீர்கள், கழற்றும்போது இடுக்குகளில் தங்கிய தண்ணீராக இருக்கும். காகிதத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மூன்றாவது காகிதமும் நடுவில் நனைந்தால், கூடையைத் திரும்பக் கழற்றி, சீல் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.