நாலரை மணிப் புடவை

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறோம். நான் தனியார் மருத்துவமனை ஒன்றில் பில் போடும் வேலை பார்க்கிறேன். கணவருக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிப்ட். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, மகள் எட்டாம் வகுப்பு. மாமியாருக்கு 71 வயது. ஆறரை கிலோ மெஷின் தினமும் ஓடியும் அழுக்குத் துணி குறைவதில்லை. துவைத்தது மடிக்க ஆளில்லாமல் நாற்காலியில் குவிந்து கிடக்கிறது. போர் தண்ணீரில் வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்பேறிவிட்டது. மாமியார் உதவிக்கு வருவதில்லை. தன் புடவை, பாவாடையை மட்டும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பின்கட்டுக் கல்லில் தானே துவைத்து, அங்கேயே கொட்டகையில் காயப்போடுவார். மெஷினில் போடுங்கள் என்றால் கேட்பதில்லை, அத்தனை பிடிவாதம். இப்போதெல்லாம் வெளியே எங்கும் வருவதும் இல்லை. பிரதோஷத்துக்குக் கோட்டைக் கோயிலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டார். பெரிய மெஷின் வாங்கலாமா? லாண்டரிக்குப் போடலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: மெஷின் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் மெஷினுக்கும் பழுப்புச் சட்டைக்கும் இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். மாமியாருக்கு நாலு வரி. அதுவும் குறை சொல்வதற்காக எழுதிய நாலு வரி. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

71 வயதுப் பெண்மணி, வீட்டில் மெஷின் இருக்கும்போது, இருட்டில் எழுந்து கல்லில் எதற்காகத் துவைக்கிறார்? பழக்கம் என்பீர்கள். பழக்கமாக இருந்தால் பொழுது வெளுத்த பிறகு துவைக்கலாமே. சரி, துவைத்ததை ஏன் கொட்டகையில் போடுகிறார்? மொட்டைமாடியில் கத்திரி வெயிலில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்கிற ஊர் அது. வேலூர் வெயிலை வேண்டாமென்று ஒதுக்கி, நிழலில் புடவை காயப்போடும் பெண்ணை நான் கண்டதில்லை. யார் கண்ணிலும் படக்கூடாது என்று நினைத்தால்தான் ஒருவர் அப்படிச் செய்வார்.

அவருக்குச் சிறுநீர் கசிகிறது அம்மா. வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கத்தான் அந்த நாலரை மணி.

பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கோபிக்காதீர்கள். இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் இதே மாமியார்களும் இதே அம்மாக்களும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். "தனி பக்கெட் வைத்துக்கொள்கிறாள்", "கல்யாண வீட்டில் உட்காரமாட்டேன் என்கிறாள்", "பஸ்ஸில் ஏற மறுக்கிறாள்". எழுதுகிறவர்கள் எல்லோரும் பிடிவாதம் என்றே எழுதுகிறார்கள். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். இருந்தால் நல்லது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது.

கோயிலை அவர் விட்டதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியது 1981இல். அதுவரை லிங்கம் இருந்ததே உங்கள் சத்துவாச்சாரியில்தானே. உங்கள் மாமியாருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அந்தத் தலைமுறைக்காரர் பிரதோஷத்தை லேசில் விடமாட்டார். கூட்டத்தில் நின்றுகொண்டிருக்கும்போது புடவை நனைந்துவிடுமோ என்ற பயம் வந்தால்தான் விடுவார். சாமி சன்னிதியில் அப்படி ஆகிவிட்டால் என்ற நினைப்பே அவரை வீட்டில் உட்காரவைத்துவிடும்.

முன்பெல்லாம் துணி எடுத்துப்போக வீட்டுக்கு வரும் அம்மாளுக்கு அந்த வீட்டின் உடம்பு தெரியும். யாருக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, எந்தப் பெரியவருக்கு முடியவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். கொல்லைப்புறமாக வந்து வீட்டுப் பெண்மணி காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். மெஷின் அதைச் சொல்லாது. அதனால் மெஷினில் போடுகிறவர்தான் கவனித்திருக்கவேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள். அந்தப் புடவையைப் பார்த்து உங்களுக்கு வந்தது எரிச்சல்தான். மருத்துவமனையில் வேலை பார்க்கிறவருக்கு இது தோன்றாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிரசவங்களும் வயதும் இடுப்படித் தசையைத் தளர்த்திவிடும். இருமினால், தும்மினால், குடம் தூக்கினால் சொட்டும். சிலருக்கு அவசரம் வந்தால் கழிவறை வரை தாங்காது. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, கர்ப்பப்பை இறக்கம், நாள்பட்ட மலச்சிக்கல், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் எல்லாமே காரணமாகலாம். வயதானால் இப்படித்தான் என்று முடித்துவிடாதீர்கள். பெரும்பாலும் குறைக்கக்கூடியது. சிறுநீரை அடக்கும் தசையை இறுக்கிச் சில விநாடி பிடித்து விடும் பயிற்சி இருக்கிறது. ஒரு வேளைக்கு எட்டுப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்யவேண்டும். அதற்கு முன் மருத்துவர் பார்த்துவிடட்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சிஎம்சி இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊரில், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வாயை மூடிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். இவர்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். உங்கள் ஊர் மே மாதத்தில் அது ஆபத்து. சிறுநீர் அடர்ந்து போனால் சிறுநீர்ப்பை இன்னும் எரிந்து அவசரமும் கூடும்.

எப்படிக் கேட்பது? எல்லோரும் இருக்கும்போது கேட்காதீர்கள். உங்கள் கணவரை அனுப்பாதீர்கள். மகன் எதிரே அந்தப் பேச்சு வந்தால் அவர் செத்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டார். "அத்தை, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா" என்று விசாரணை நடத்தவும் வேண்டாம். இரண்டு பிள்ளை பெற்றவர் நீங்கள். இருமும்போது உங்களுக்கு ஒரு சொட்டுக்கூட நழுவியதில்லையா? அதை முதலில் சொல்லுங்கள். பூ கட்டிக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ சொல்லுங்கள். அன்றைக்கே பதில் வராது. இரண்டு நாள் கழித்து அவரே ஆரம்பிப்பார்.

அந்தத் துணிகளை மெஷினிலேயே போடலாம். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, ஒரு பக்கெட் நீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றி ஊறவைத்தால் வாடை போய்விடும். சிறுநீர் பட்ட துணியில் பிளீச்சிங் பவுடரை மட்டும் போட்டுவிடாதீர்கள், மூச்சை அடைக்கும் புகை வரும். பிறகு மாடியில், வெயிலில், மற்ற துணிகளோடு காயட்டும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரிய மெஷின் வாங்கினால் பெரிய குவியல்தான் வரும். போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்பைத் திரிதிரியாக்கித் துணியிலேயே ஒட்டவைக்கும். பழுப்புக்கு அதுதான் காரணம். சோப்பை விட்டு லிக்விட் டிடர்ஜென்ட்டுக்கு மாறுங்கள். டிரம்மை முக்கால் பாகத்துக்கு மேல் அமுக்காதீர்கள். வெள்ளைச் சட்டைக்குக் கடைசி அலசல் மட்டும் மாநகராட்சித் தண்ணீரில் இருக்கட்டும். மெஷினை மாதம் ஒருமுறை எலுமிச்சை உப்புப் போட்டு வெந்நீரில் காலியாக ஓடவிடுங்கள். மடிக்கும் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். பொதுத்தேர்வு என்று அவரைக் காப்பாற்றாதீர்கள். பத்து நிமிடம் துணி மடித்ததால் மார்க் குறைந்த பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. மகளும் மடிக்கட்டும், ஆனால் அவள் மட்டும் மடிக்கக்கூடாது. லாண்டரிக்குப் போர்வைகளை வேண்டுமானால் போடுங்கள்.

அத்தையை "உதவிக்கு வருவதில்லை" என்று இன்னொரு முறை எழுதாதீர்கள். உங்களுக்குத் துணி வேலை கூடிவிடக்கூடாது என்றுகூட அவர் இருட்டில் எழுந்திருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணவருக்கு ஒரு வேலை. பின்கட்டில் ஒரு பல்பு போடட்டும். துவைக்கும் கல்லைச் சுற்றியுள்ள பாசியைத் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவட்டும். எதற்கு என்று கேட்டால், அம்மா வழுக்கி விழுந்துவிடுவார் என்று மட்டும் சொல்லுங்கள்.