அவான்-கார்ட் டைப்போகிராஃபி என்றால் எழுத்தைச் சாய்த்துப் போடுவது மட்டும்தானா?

இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய அச்சு வழக்கங்களை உடைத்த ஐரோப்பியக் கலைஞர்களின் எழுத்து வடிவமைப்பு அது. கண்ணில் முதலில் படுவது சாய்ந்த எழுத்து, அவ்வளவுதான். படிக்கத் தொடங்கும் முன்பே பக்கம் பேசிவிடுகிறது என்று அந்தக் கலைஞர்கள் கண்டுகொண்டார்களே, இன்றைய டிசைன் அதில்தான் நிற்கிறது.

ஈய எழுத்துக் காலத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்துகளை வரிசையாகக் கோத்து, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்ட வேண்டும். எல்லாம் நேர்கோட்டில்தான் நிற்கும். ஒரே ஒரு வரியைச் சாய்க்கவும் சுற்றியுள்ள சந்துகளையெல்லாம் கட்டை வைத்து அடைக்க வேண்டும். அத்தனை பாடுபட்டுச் சாய்த்தவர்களிடம் அதற்கொரு காரணம் இருந்தது. இத்தாலியக் கவிஞர் மரினெட்டி 1914இல் 'ஸாங் தும்ப் தும்ப்' நூலில் பீரங்கிச் சத்தத்தை எழுத்தின் பருமனாலேயே கேட்க வைத்தார். (அவருடைய போர்வெறியை என்னால் ஏற்க முடியாது, அந்தப் பக்கங்களை மறக்கவும் முடியவில்லை.)

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ரஷ்ய வடிவமைப்பாளர் லிசிட்ஸ்கி. கவிஞர் மாயகோவ்ஸ்கியின் 13 கவிதைகள் கொண்ட 'குரலுக்காக', அவர் வடிவமைப்பில் 1923இல் பெர்லினில் வெளியானது. மேடையில் உரக்க வாசிப்பதற்கான புத்தகம். வேண்டிய கவிதையைச் சட்டென்று பிடிக்க, பக்க ஓரங்களைப் படிபடியாக வெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு குறி வைத்தார். படங்களைக்கூட அச்சுக்கூடத்தில் கிடந்த எழுத்துகளையும் கோடுகளையும் பட்டைகளையும் கொண்டே கட்டினார். இன்று செயலிகளில் டேப்களை அடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பக்க ஓரம்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தப் புதிய பாணியை விதிகளாகத் தொகுத்தவர் ஜெர்மன் வடிவமைப்பாளர் யான் ஷிஹோல்ட், 1928இல். எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தும் பழக்கத்தை விடு, வெற்றிடத்தையும் வேலை வாங்கு என்றார். பிற்காலத்தில் அந்தக் கண்டிப்பில் சர்வாதிகாரத்தின் சாயல் இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டு, மரபான வடிவங்களுக்குத் திரும்பினார். அந்த நேர்மைக்காக அவரை இன்னும் மதிக்கிறேன்.

இப்போது எழுத்தைச் சாய்க்க ஒரு நொடி போதும். கருவி நம்மைத் தடுப்பதில்லை. அதனால் ஏன் சாய்க்கிறோம் என்பதற்கான காரணத்தைச் சொற்களிடமே தேட வேண்டியிருக்கிறது. நான் எந்தப் போஸ்டரையும் முதலில் ஒரே அளவில், ஒரே எழுத்துருவில் அடித்து, வாய்விட்டுப் படிப்பேன். குரல் எங்கே தானாக உயர்கிறதோ அங்கே மட்டும் கைவைப்பேன். கடைசியாகச் செய்த நாடகப் போஸ்டரில் அப்படி மாறியது ஒரே ஒரு சொல்.